கண்ணைக் கடைசியில் வரைபவள்

அத்தியாயம் 6

தெருவிளக்கு பழுது பார்க்கும் வண்டியின் இரும்புக் கை அண்ணியை நாலாவது மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. கீழே கொழுந்தன் அவளுடைய செருப்புகளைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றான்.

துப்பறியும் அலுவலகம் அண்ணியுடையது. உதவியாள் அவள் கணவனின் தம்பி. அங்கே வந்து போகிறவர்கள், கூரியர்காரர் உட்பட, அவளை அண்ணி என்றும் அவனைக் கொழுந்தன் என்றும் கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

"விழற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க அண்ணி," என்று கத்தினான். "செருப்பை ஓரமா வச்சிட்டு நகர்ந்துக்கறேன்."

மேலே அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கின் பக்கச் சுவர் அது. சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம். அழைப்பு மணியை யார் அடித்தது என்று மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறவளைப் போலத் தெருவை நோக்கிக் குனிந்திருந்தாள். கண்கள் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்தன. வலது கண்ணில் கன்னங்கரேலென்று பாவை. இடது கண் வெறும் வெள்ளை.

அண்ணி வலது கண்ணுக்கு நேராக நின்று பார்த்தாள். பிறகு தான் நின்றிருந்த தொட்டியை இன்னும் உயர்த்தச் சொல்லி, மேலேயிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து பார்த்தாள். அப்படியே வெகுநேரம் நின்றாள். இறங்கி வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"என்ன இருக்கு அண்ணி?"

"கறுப்பு."

"அது இங்கேயிருந்தே தெரியுதே. இதுக்கா கரண்ட்காரர் கால்ல விழுந்து வண்டி வாங்கினோம்?"

பின்னால் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கிக் கதவைச் சாத்திய சத்தத்தில் அவள் மனநிலை தெரிந்தது. அவள்தான் இந்த வழக்கைக் கொண்டு வந்தவள். கயிறு கட்டுகிறவரின் மனைவி.

"படம் பாத்து முடிச்சாச்சா?" என்றாள் அவள். "சாயங்காலம் எங்க வீட்டுக்காரரைச் சிறைக்குக் கொண்டு போறாங்க. நீங்க ராட்டினம் சுத்திட்டு இருக்கீங்க."

"முடிச்சைப் பத்தி இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் அண்ணி.

"முடிச்சுன்னா அவிழத்தான் செய்யும்னாரு. எங்க வீட்டுக்காரர் கட்டுன முடிச்சு தானா அவிழாதுங்க. யாராவது அவிழ்த்தாத்தான் அவிழும். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

விஷயம் இவ்வளவுதான். சுவர் ஓவியம் வரையும் பெண் ஒருத்தி, மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து இந்த முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். போன வாரம் ஒரு காலையில் கயிறு கட்டுகிறவர் வழக்கம் போல முடிச்சுகளை இறுக்கிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துப் பலகையின் ஒரு பக்கம் இறங்கியது. அவள் விழுந்து இறந்தாள். போலீஸ் மொட்டை மாடியைப் பூட்டி முத்திரை வைத்தது. கயிறு கட்டியவரை அழைத்துக்கொண்டு போனது.

ஓவியரோடு பகை உள்ளவன் என்று ஊரில் ஒருத்தன்தான். சுவர் ஓவியங்களைக் காட்டிக் கதை சொல்லிக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகும் வழிகாட்டி. போன மாதம் ஓவியர் யாருக்கும் தெரியாமல் அவன் கூட்டத்தில் நடந்தாள். அவளுடைய படத்துக்கு அவன் அர்த்தம் சொல்லச் சொல்ல, "ஐயா, நான் அப்படி நினைக்கவே இல்லையே" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். புதுச் சுவர் முடிந்ததும் தானே கூட்டத்தை நடத்தப் போவதாக அறிவித்தாள். அவள் விழுந்த காலையில் தான் காய்ச்சலில் படுத்திருந்ததாக, விசாரிக்க வந்த ஏட்டிடம் வழிகாட்டி சொன்னான். மறுநாளே எழுந்து, இந்தச் சுவரையும் தன் நடைச் சுற்றுலாவில் சேர்த்துக்கொண்டான்.

"வேனை எங்க நிறுத்த?" என்றாள் வேன்காரி.

"மத்தியானத்துக்கு மேல இந்தச் சந்து முனையில. குறுக்கே," என்றாள் அண்ணி.

"குறுக்கே நிறுத்தினா திட்டுவாங்க."

"திட்டட்டும்."

வழிகாட்டியின் நடை தொடங்கும் இடத்துக்குப் போகும் வழியில் அண்ணி கொழுந்தனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாயை மூடிக்கிட்டு வரணும். அவனைச் சீண்டக் கூடாது. இன்னொண்ணு. எதிர்க் குழுவோட வழிகாட்டி அந்தக் கண்ணுக்குள்ள வண்ணத்துப்பூச்சி ஒளிஞ்சிருக்குன்னு சொல்லிட்டுத் திரியறானாம். இதை மட்டும் இவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதே."

"நான் ஏன் சொல்லப் போறேன்? வாயில பூட்டு போட்டாச்சு."

"பாப்போம்," என்றாள் அண்ணி.

வழிகாட்டி ஒல்லியாக, சுத்தமாக இருந்தான். காதோரம் மைக், இடுப்பில் ஒலிபெருக்கி, கையில் சிவப்புக் குடை. இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். அண்ணியைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"நீங்களா? என்கிட்ட கேள்வி கேக்கணும்னா வீட்டுக்கு வாங்க. இது வேலை நேரம்."

"டிக்கெட் வாங்கியிருக்கோம்," என்றாள் அண்ணி.

"வாங்கினா சும்மா நடக்கணும். கேள்வியெல்லாம் கடைசியிலதான்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நம்ம கூட ரெண்டு பேர் கலையைப் பாக்க வரலை. ஆளைப் பாக்க வந்திருக்காங்க. கண்டுக்காதீங்க," என்றான். ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கப் பரப்பியது. கூட்டம் திரும்பி இருவரையும் முறைத்தது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், கால் வலிக்கிற எரிச்சலையும் சேர்த்து முறைத்தார்.

முதல் சுவரில் நீல நிறத்தில் ஒரு மூதாட்டியின் முகம். கன்னத்தில் பழுப்புக் கோடு இறங்கியது.

"இந்தக் கண்ணீரைப் பாருங்க," என்றான் வழிகாட்டி. "நகரத்துக்கு வந்து தொலைஞ்சுபோன ஒரு தலைமுறையோட கண்ணீர்."

கொழுந்தன் அண்ணாந்து பார்த்தான். மாடிக் குழாய் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பூட்டு அதுவரைதான் தாங்கியது.

"அது குழாய் அழுவுதுங்க," என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை.

"கலைஞர் அந்தக் குழாயைப் பார்த்துட்டுத்தான் அந்த இடத்துல கன்னத்தை வச்சார். புரியறவங்களுக்குப் புரியும்."

"குழாய்க்காரருக்கும் புரிஞ்சா நல்லது."

அண்ணி அவன் முழங்கையைக் கிள்ளினாள். வலிக்கும்படியாகத்தான்.

அடுத்த தெருவுக்குள் நுழைந்ததுமே மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. குறி தப்பாமல் முன்வரிசையில் விழுந்தது.

"தினமும் வந்து எங்க வீட்டு ஜன்னலைப் படம் எடுக்கறீங்க!" என்று மேலே ஒரு பெண் கத்தினாள். "உள்ள நாங்க குடியிருக்கோம்ல? ஒரு துணி காயப்போட முடியுதா? போங்கடா!"

"சமூகத்தோட உரையாடற கலை இது," என்று நனைந்த வழிகாட்டி விளக்கினான்.

"உரையாடல் நல்லா சில்லுனு இருக்கு," என்றான் கொழுந்தன்.

"மிஸ்டர், இன்னொரு வார்த்தை பேசினா வெளியே அனுப்பிடுவேன்."

"தெருவுலேர்ந்து எங்கே அனுப்புவீங்க? வீட்டுக்குள்ளயா?"

தொப்பிக்காரர் கொழுந்தனின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உன் வாய்க்கு ஓய்வே கிடையாதா?"

"உங்க காலுக்குக் கொடுங்க ஐயா முதல்ல. நொண்டி நொண்டி நடக்கறீங்க. பேசாம வீட்ல உக்காந்து டி.வி.யில சுவரைப் பாத்திருக்கலாம்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எங்கேயோ குறித்து வைத்துக்கொள்கிற பார்வையாக இருந்தது. கொழுந்தன் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது இடத்தில் நீளமான மதில் முழுக்க நாற்காலிகள். மர நாற்காலி, பிரம்பு நாற்காலி, முடிதிருத்தும் கடை நாற்காலி. நடுவே ஓரிடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"இதுதான் இந்த மதிலோட உயிர்," என்றான் வழிகாட்டி. குரல் தாழ்ந்தது. "காணாமப்போன நாற்காலி. வீட்டுல ஒருத்தர் இறந்தபிறகு அவர் உக்கார்ந்த இடம் எப்படி இருக்கும்? இப்படித்தான். கலைஞர் அந்த வெறுமையை வேணும்னே விட்டிருக்கார்."

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே ஹார்டுவேர் கடையிலிருந்து ஒருவர் வந்தார்.

"யாரும் வேணும்னே விடலைங்க. நான்தான் வெள்ளையடிச்சேன். கடை பேர் எழுத ஆளைத் தேடிட்டிருக்கேன். வழியை விடுங்க, லோடு வருது."

கண்ணைத் துடைத்த பெண் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள். கொழுந்தனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. அண்ணியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. வழிகாட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

"கடைக்காரருக்குத் தெரியாமலே கலை அவரைப் பயன்படுத்திக்கிட்டிருக்கு," என்றான் அவன். ஆனால் குரலில் பழைய வழுக்கல் இல்லை.

கிடங்குச் சுவருக்கு வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ராட்சத முகம் அவர்கள் எல்லாரையும் ஒரு கறுப்புக் கண்ணாலும் ஒரு வெள்ளைக் கண்ணாலும் பார்த்தது. சந்து முனையில் பள்ளி வேன் குறுக்கே நின்றது. யாரோ ஹாரன் அடித்தார்கள். வேன்காரி இறங்கி ஏதோ சொன்னாள். ஹாரன் நின்றது.

வழிகாட்டி தொண்டையைச் செருமினான்.

"இந்த நகரத்தோட கடைசிப் பெரிய ஓவியம். இதை வரைஞ்சவங்க இங்கேயே, இந்தச் சுவர்லேர்ந்து விழுந்து செத்தாங்க. கயிறு கட்டுனவனோட அலட்சியம். கண்ணைப் பாருங்க. எல்லாச் சுவர்லயும் அவங்க கண்ணைக் கடைசியிலதான் வரைவாங்க. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு கண்ணும் வெள்ளைதான். ஒரு கண்ணுக்குப் பார்வை கொடுத்ததோட அவங்க மூச்சு நின்னுபோச்சு. நம்ம நகரம் பாதிக் குருடுங்கறதைச் சொல்லாமச் சொல்லிட்டாங்க."

"சொல்லலை சார், செத்துட்டாங்க," என்றான் கொழுந்தன். இப்போது அவன் குரலில் வேடிக்கை குறைந்திருந்தது. "மதில்ல வெள்ளையடிச்சா அதுக்கு ஒரு அர்த்தம். குழாய் ஒழுகினா ஒரு அர்த்தம். ஆள் செத்தா அதுக்கும் ஒரு அர்த்தம். நீங்க தும்மினாக்கூட டிக்கெட் போடுவீங்க போல."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. இருபது பேரும். வாளித் தண்ணீரில் நனைந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் வழிகாட்டி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க எதிர்க் குழுக்காரருக்குத் தெரிஞ்சிருக்கே! அந்தக் கறுப்புக்குள்ள வண்ணத்துப்பூச்சி ஒளிஞ்சிருக்காம். அவர் கூட்டத்துல எல்லாருக்கும் சொல்றாராம். நீங்க இன்னும் குழாயைத்தான் பிடிச்சிட்டு நிக்கறீங்க."

சொன்ன பிறகுதான் கொழுந்தனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"வண்ணத்துப்பூச்சியா!" வழிகாட்டி கசப்பாகச் சிரித்தான். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. "அந்த முட்டாள் அப்படியா சொல்றான்? பறவைங்க அது. பறவை! கறுப்பு மேல கறுப்புல வரைஞ்சிருக்கு. கீழேயிருந்து தெரியாது, எந்த கேமராவுக்கும் தெரியாது. என் நடையில மட்டும்தான் இதைக் கேப்பீங்க. ஒரே ஒரு சிறகுள்ள பறவை." குடையால் கண்ணைச் சுட்டினான். கூட்டம் மெல்ல அடங்குவதைப் பார்த்து அவன் குரலுக்குப் பழைய மெருகு திரும்பியது. "ஏன் ஒரே சிறகு? யோசிங்க. இந்த ஊர்ல பிறந்த பறவைக்கு அவ்வளவுதான் கொடுத்து வச்சிருக்கு. பறக்கவும் முடியாது, விழவும் முடியாது. இன்னொரு சிறகை அவங்க வேணும்னே விட்டுட்டாங்க."

சிலர் தலையாட்டினார்கள். முன்வரிசைப் பெண்ணின் கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது.

அண்ணி நகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே சிறகுதானா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"சும்மா. எப்பப் பாத்தீங்க?"

வழிகாட்டி குடையைத் தாழ்த்தினான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நான் இன்னிக்குக் காலையில வண்டியில ஏறிப் போய்ப் பாத்தேன்," என்றாள் அண்ணி. அவள் உரக்கப் பேசவில்லை. அதனாலேயே எல்லாரும் நெருங்கி வந்தார்கள். "நேரா நின்னு பாத்தா வெறும் கறுப்புதான். கண் பாவை பளபளப்பு இல்லாத கறுப்பு. பறவை பளபளப்பான கறுப்பு. மேலேயிருந்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல குனிஞ்சு, சாய்வாப் பாத்தாத்தான் வெளிச்சம் அதுமேல பட்டுத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் கண்ணு வெள்ளைன்னு நீங்களே சொன்னீங்க. அவங்க விழுந்ததும் மாடியைப் பூட்டிட்டாங்க. அப்ப, பறவையைப் பாத்தவன் அந்தக் காலையில அங்கே மாடியில நின்னவன். உங்களுக்குத்தான் காய்ச்சலாச்சே?"

"அவங்க சொன்னாங்க," என்றான் அவன் வேகமாக. "முன்னாடியே. இப்படி ஒரு பறவை வரையப்போறேன்னு."

"ஒத்தைச் சிறகோடயா?"

"ஆமா. ஒத்தைச் சிறகோட. அதுதானே அர்த்தமே!"

"அர்த்தம் ஒண்ணும் இல்லைங்க. ரெண்டாவது சிறகுக்கு, தூரிகைக் காம்பால மெல்லிசாக் கோடு கீறி வச்சிருக்காங்க. பக்கத்துல போனாத்தான் தெரியும். நிரப்பறதுக்குள்ள பலகை இறங்கிடுச்சு. அவங்க மனசுல இருந்தது ரெண்டு சிறகுள்ள சாதாரணப் பறவை. முன்னாடியே கேட்டவன் ரெண்டு சிறகுன்னுதான் சொல்வான். ஒரே சிறகுன்னு சொல்லணும்னா, அவங்க கை நின்னுபோன நேரத்துல பாத்திருக்கணும்."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவங்க முடிக்காம விட்டதுக்கும் நீங்க அர்த்தம் கண்டுபிடிச்சிட்டீங்க. அது இல்லாம உங்களால இருக்க முடியாது."

வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. அவன் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சந்து முனைக்கு ஓடினான். அங்கே வேன் சுவருக்குச் சுவர் அடைத்து நின்றது. வேன்காரி பானெட்டில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவன் வருவதைப் பார்த்தாள்.

"வா," என்றாள். "வா, வா."

அவன் நின்றான். இடுப்பில் ஒலிபெருக்கி இன்னும் அணையவில்லை. அவன் தனக்குள் முனகியது நாலாவது மாடி வரை கேட்டது.

"மாடியில நின்னு கெஞ்சினேன். சிரிச்சா. நான் பேசப் பேச வரைஞ்சுக்கிட்டே சிரிச்சா. கை முடிச்சுக்குப் போயிடுச்சு."

அவன் தோளில் ஒரு கை விழுந்தது. நொண்டி நொண்டி வந்து சேர்ந்த தொப்பிக்காரரின் கை. தொப்பியைக் கழற்றியதும் கொழுந்தன் ஒரு அடி பின்வாங்கினான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. போலீஸ்காரர்களுக்கு மட்டும் வெட்டுகிற வெட்டு.

"இன்ஸ்பெக்டர்," என்று அண்ணி அறிமுகம் செய்தாள். "சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் காட்டுன்னு சவால் விட்டாரு. நடந்து வந்தா காட்டறேன்னேன்."

"கால் முழுக்கக் கொப்புளம்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "டி.வி.யில சுவர் பாக்கணுமா நான்?"

"நல்ல பெரிய டி.வி.யிலதான் சார்," என்றான் கொழுந்தன், தேய்ந்த குரலில்.

முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "அப்ப நடை முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு மேடம்," என்றான் கொழுந்தன். "போலீஸ் ஸ்டேஷன். அது வழிகாட்டிக்கு மட்டும்."

இன்ஸ்பெக்டர் வேன்காரியிடம் போனார். "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போலாம்மா. ஸ்டேஷனுக்கு வாங்க."

அவள் கிடங்கின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள், கயிறு கட்டியிருந்த இடத்தை.

"முடிச்சுன்னா அவிழத்தான் செய்யும். அப்படித்தானே சார்?"

இன்ஸ்பெக்டர் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினார். "நானும் இவனும் உங்க வேன்லயே வந்துடறோம். கால் முடியலை."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நடந்து வாங்க," என்றாள்.

வேன் திரும்பிப் போனது. இன்ஸ்பெக்டர் ஒரு கையில் வழிகாட்டியையும் இன்னொரு கையில் தன் ஷூவையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். கூட்டம் கலைந்தது. சிவப்புக் குடை சந்தில் கிடந்தது.

கொழுந்தன் அதை எடுத்து மடக்கினான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. சொல்லாதேன்னு சொன்னீங்க. வண்ணத்துப்பூச்சியைச் சொல்லிட்டேன். நல்லவேளை, எப்படியோ சரியாப் போச்சு." சற்று யோசித்தான். "ஆமா, அந்த எதிர்க் குழுக்காரன் எதை வச்சு வண்ணத்துப்பூச்சின்னான்?"

"அவன் எப்ப அப்படிச் சொன்னான்?" என்றாள் அண்ணி.

கொழுந்தன் நின்றுவிட்டான். அவள் நடந்துகொண்டே இருந்தாள். அவன் ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

"அப்ப என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே, அவனைச் சீண்டுன்னு?"

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பே. உனக்கு நடிக்க வராது," என்றாள் அண்ணி. "வாயை மூடுன்னு சொல்லி நீ என்னிக்கு மூடியிருக்கே?"

கொழுந்தன் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேலே அந்த ஒற்றைக் கண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, பேசாமல் அவள் பின்னால் நடந்தான்.